வெள்ளைப் புள்ளி

"கோல் கம்பத்தை இன்னும் ரெண்டடி உயரமா நட்டு வை இன்ஸா! நாளைக்கு நீ இறங்கினாலும் இறங்குவே!"

கிளப் வாசலில் சாஸேஜ் சுடும் கம்பி வலையைத் தேய்த்துக்கொண்டே ஹின்னர்க் மாமா கத்தினார். ஊருக்கே பழகிப்போன நையாண்டி இது.

"முதல்ல நீங்க சாஸேஜைக் கருகாம சுடப் பாருங்க மாமா," என்றாள் இன்ஸா, திரும்பிக்கூடப் பார்க்காமல். சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். புல் வெட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது எல்லாம் அவள் வேலைதான்.

நாளைக்கு இங்கே வீப்கேயின் கடைசி ஆட்டம். ஜெர்மன் பெண்கள் அணியின் முன்கள வீராங்கனை. உலகக் கோப்பையில் கோல் போட்டவள். விடைபெறுவதென்றால் முதன்முதலில் பந்து உதைத்த ஊரில்தான் என்று சொல்லிவிட்டாள். ரொட்டிக்கடைக் கண்ணாடியில்கூட அவள் படம்.

"மொய்ன்."

அந்த ஊர்ப்பக்கத்து வணக்கம் கேட்டு இன்ஸா நிமிர்ந்தாள். வீப்கேதான்.

"கோட்டை மிதிக்காதே. இன்னும் காயலை."

"எத்தனை வருஷம் கழிச்சு வர்றேன். முதல் வார்த்தையே திட்டா?"

"நீ மிதிச்சுட்டுப் போயிடுவே. மறுபடி போடறது நான்தானே?"

ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்ஸா பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள். கோப்பைக்குள் கிடந்த கல்கண்டு சூடான தேநீர் பட்டுப் படபடவென்று வெடித்தது.

"நாளைக்கு நீ என் அணியில ஆடணும்," என்றாள் வீப்கே.

"நானா? நான் ஓடறதைப் பார்த்தா என் புல்வெட்டும் மிஷினே சிரிக்கும்."

"கேலி பண்ணாதே. எல்லார்கிட்டயும் பேசிட்டேன். கடைசி நிமிஷத்துல எதிரணிப் பொண்ணு ஒருத்தி கட்டத்துக்குள்ள என்னைத் தட்டி விடுவா. பெனால்டி. அடிபட்டவ அடிக்கக் கூடாதே, பந்தை உன் கையில கொடுப்பேன். கோல்கீப்பர் அந்தப் பக்கம் பாய்வா, நீ இந்தப் பக்கம் அடி. ஊர் வாயை அடைச்சுடலாம்."

"விழறதுக்கு ஒத்திகையா? அதுவும் உனக்கா?" இன்ஸா சிரித்தாள்.

வீப்கே சிரிக்கவில்லை.

பல வருஷம் முன்னால், இருவரும் ஊர் அணியில் சேர்ந்து ஆடிய அன்றைக்கும் இதே கோல் கட்டம்தான். ஜெயித்தால் ஊர் அணி முதல் டிவிஷனுக்குப் போகும். கடைசி நிமிடத்தில் வீப்கே விழுந்தாள். நடுவர் பெனால்டி கொடுத்தார். அடிபட்டவளே அடித்தால் பந்து உள்ளே போகாது என்பது இந்த நாட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த நம்பிக்கை. அதனால் பந்து இன்ஸாவின் கைக்கு வந்தது. அவள் அடித்தது கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அடுத்த பண்ணையின் மாட்டுக்கொட்டகைக் கூரையில் போய் விழுந்தது. ஊர் அணி அதற்குப் பிறகு அந்த டிவிஷனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ஆள் தேடி வந்திருந்த பெரிய கிளப்காரர்கள் வீப்கேயை அழைத்துப் போனார்கள். இன்ஸாவை யாரும் அழைக்கவில்லை. அந்தக் கோடையோடு அவள் பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

"அன்னிக்குப் பந்தை உன்கிட்ட கொடுத்திருக்கவே கூடாதுடி," என்றாள் வீப்கே மெல்ல. "எந்த கோல் போட்டாலும் மனசு ஓரத்துல அதுதான் உறுத்தும்."

"வழக்கம் அதுதானே? நீ என்ன பண்ணுவே?"

"என் மேல கோபமே இல்லையா உனக்கு?"

"டிவியில நீ அந்தக் கதையைச் சொல்றப்போ எல்லாம் பார்ப்பேன். ஒரு தடவை இடது காலைத் தட்டிட்டாங்கன்னு சொன்னே. போன வருஷம் வலது காலுன்னே."

"எவ்வளவோ காலம் ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"அதுவும் சரிதான்."

மறுபடி ஊற்றப் போனாள் வீப்கே. இன்ஸா தன் கோப்பைக்குள் கரண்டியை நிறுத்தி வைத்தாள். இந்தப் பக்கத்தில் அதற்கு, போதும் என்று அர்த்தம்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் வீப்கே. "பயிற்சியில நீ ஒரு பெனால்டிகூட விட்டதில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் வலை மூலையில கொண்டு போய் வைப்பே. அன்னிக்கு என்னதான் ஆச்சு? காத்தா? பயமா?"

"எங்கம்மா சாகிற வரைக்கும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

"என்ன சொன்னே?"

"கால் வழுக்கிடுச்சுன்னேன். அவங்க நம்பலை."

கிளப் வாசலிலிருந்து ஹின்னர்க் மாமா மறுபடி குரல் கொடுத்தார்: "வீப்கே! அவகிட்ட மட்டும் பந்தைக் கொடுத்துடாதே! மாடு மிரளும்!"

வீப்கேயின் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா? இதுக்குத்தான் கூப்பிடறேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீ ஒரு தடவை உள்ளே அடிச்சுட்டா நான் நிம்மதியா விடைபெறுவேன். வருவியா, மாட்டியா?"

இன்ஸா எழுந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கோலுக்கு எதிரே போனாள். மங்கிக் கிடந்த பெனால்டி புள்ளியின் மேல் நிதானமாகச் சுண்ணாம்பை விட்டாள். அது பளிச்சென்று வெளுத்தது.

"வர்றேன்," என்றாள், தலை நிமிராமல். "அன்னிக்கு உனக்கு ரெண்டடி பின்னாலதான் நான் ஓடி வந்தேன் வீப்கே. நாளைக்காவது அந்தப் பொண்ணு உன்னை நிஜமாவே தட்டி விடட்டும். அப்போ உள்ளே அடிக்கிறேன்."