அடுத்தடுத்த எண்கள்

மாலை ஐந்து மணிக்குள் ஆய்விதழுக்கு மறுப்புக் கடிதம் போயாக வேண்டும். சிவதாணு எங்கே தப்பு செய்திருக்கிறான் என்பது அனந்தலக்ஷ்மிக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு, பொன்முடி அடிவாரத்து இதே ஆய்வுக்கூடத்தில், பக்கத்து மேசையில் இருந்தவன் அவன். வெளிநாடு போனபின் ஒரு வரி கிடையாது. போன மாதம்தான் முதன்முதலாக அவள் பெயரை எழுதினான், அதுவும் ஆய்விதழில்: அனந்தலக்ஷ்மியின் முடிவு சரியல்ல.

வெட்கக்கேடு, அந்த வரியை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பாள்! குறை சொல்லவாவது பெயரை எழுதினானே.

சண்டை ஒரு கல்லைப் பற்றியது. பூமியின் அடி ஆழத்துக் கல்லுக்குள்ளும் தண்ணீர் உண்டு. பிழிந்தால் ஒரு சொட்டு வராது. ஹைட்ரஜனாகக் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். எவ்வளவு நெருக்கினால் அது பிடியை விடும்? அத்தனை ஆழத்துக்குப் போய் யார் பார்ப்பது? கம்ப்யூட்டருக்குள்தான் கல்லைச் செய்து நெருக்க வேண்டும். நம் தலைமேல் இருக்கும் காற்றின் பாரத்தைப்போல நாலு லட்சம் மடங்கு என்றாள் இவள். நாலரை லட்சம் என்றான் அவன்.

பொதுவில் வைத்திருந்த அவனுடைய கோப்புகளைத் திறந்தாள்.

பத்து அழுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றாகப் பத்து ஓட்டம். அணுக்கள் முதலில் எப்படி ஆடத் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எந்த எண் வேண்டுமானாலும் ஆகும். ஆனால் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தொடக்கத்தின் சாய்வு கடைசிவரை கூடவே வந்து முடிவைக் கெடுக்கும்.

சிவதாணு பத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தான். 40717.

அட மடையா! முதல் வருஷ மாணவன்கூட இதைச் செய்யமாட்டானே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது.

அவன் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம். கொட்டுகிற மழையில், மலையிலிருந்து இறங்கி வந்த பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டரின் மெஷின் கெட்டுப்போய், பழைய டிக்கெட் கட்டிலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒன்றை அவளிடம் நீட்டினான் அவன். இரண்டு மணி நேரம் ஒரே இருக்கையில், பக்கத்தில் பக்கத்தில். தம்பானூர் பஸ் நிலையத்தில் அவள் வீட்டுக்குப் போகும் கரமனை பஸ்ஸில் ஏறிக்கொள்ள, அவன் கீழே நின்றான். இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆசை தனக்கு மட்டும்தான் இருந்தது என்று ஆறு வருஷமாக மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

கைப்பையின் உள்ளறையிலிருந்து டிக்கெட்டை எடுத்தாள். 40716.

எதிர் மேசையில் இருந்த கிரீஷ் எட்டிப் பார்த்தான். "சேச்சி, தப்பு கிட்டிச்சா? ஆரோடது?"

அவள் தன்னுடைய கோப்புகளைத் திறந்தாள். என்ன இருக்கும் என்று தெரியாமலா! பத்து ஓட்டம். பத்திலும் 40716.

"ரெண்டு பேரோடதும்தான், கிரீஷ்."

மறுப்புக் கடிதத்தை முழுக்க அழித்தாள். புதிய மின்னஞ்சலில் அவன் முகவரியைப் போட்டாள். தன் டிக்கெட்டின் எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அவன் ஊரில் இப்போது மணி என்ன இருக்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.