குறைக்கு இரண்டு புள்ளி

"அண்ணி, நீங்க வைத்தியச்சியா இருந்துடுங்க" என்று பிரேம்குமார் இரண்டாம் முறை சொன்னபோதுதான் துர்கா திரும்பிப் பார்த்தாள்.

விளையாட்டிலும் கட்டுப்போட ஒரு பெண் வேண்டும் இவர்களுக்கு. வாள் பிடிக்க ஆள் ரெடி, மந்திரம் போட ஆள் ரெடி. வெட்டுப்பட்டு வருகிறவனுக்கு மருந்து வைக்க மட்டும் யாருக்கும் பொறுமை கிடையாது.

இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால், அரியாங்குப்பத்து வாடகை வீட்டின் கூடத்தில் இந்த ஆட்டம்தான். தரையில் பாய், நடுவில் ஒரு வரைபடம், இருபது முகம் கொண்ட பகடை. ஆளுக்கொரு வேஷத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டிராகனைத் தேடி வாயாலேயே காடு மலை எல்லாம் ஏறி இறங்குவார்கள்.

கதையை நடத்துவது ஹரிகிருஷ்ணன், துர்காவின் கணவன். எது செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்வதும் அவன்தான். ஆட்டத்திலும் அவன் சொன்னால் சொன்னதுதான்.

துர்காவின் பங்கு பஜ்ஜி.

இன்று ஆடி ஞாயிறு. வாராவாரம் ஆட வரும் கன்னியப்பன் வீட்டில், காலாப்பட்டில், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், அவன் வரவில்லை. புதுக் கதை தொடங்கும் நாளில் ஆள் குறைகிறதே என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

விதிகளை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்படியில் நின்றே எல்லாம் பாடமாகிவிட்டது.

புதிதாக வேஷம் எழுதும்போது ஆளுக்கு இருபது புள்ளி. பலம், வேகம், அறிவு, வசீகரம் என்று பிரித்துக்கொள்ளலாம். போதவில்லை என்றால் ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். நொண்டி, ஒற்றைக்கண், திக்குவாய், எதுவானாலும் ஒரு குறைக்கு இரண்டு புள்ளி.

ஆனால் அந்தக் குறை எப்படி வந்தது என்று கதை சொல்லியாக வேண்டும். கதை இல்லாத குறைக்குப் புள்ளி இல்லை. இது ஹரிகிருஷ்ணனே போட்ட விதி. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தட்டாஞ்சாவடியில் அவனோடு வேலை பார்க்கும் ஹேமலதா ஒற்றைக்கண் எடுத்தாள். கண்ணைப் பிடுங்கிய சூனியக்காரியைப் பற்றி அரைப் பக்கம் எழுதி இரண்டு புள்ளி வாங்கிவிட்டாள்.

அவன் கூட்டாளி பிரேம்குமார் சோம்பேறி. நொண்டிக்கால் என்று எழுதி, பக்கத்தில் 'படியில் வழுக்கி விழுந்தான்' என்று முடித்துக்கொண்டான்.

ஹரிகிருஷ்ணன் தாளைத் திருப்பி எறிந்தான்.

"படியில வழுக்கி விழுந்தேன்னா எவன்டா நம்புவான்? அடிச்சவன் ஒருத்தன் இருப்பான்ல, அவன எழுது. செல்லாது போ."

எல்லோரும் சிரித்தார்கள். துர்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் தாளை இழுத்துக்கொண்டாள்.

பிரேம்குமார் எழுதி வைத்திருந்த 'வைத்தியச்சி'யை அடித்தாள். 'வாள்காரி' என்று எழுதினாள். வசீகரம் பூஜ்யம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறிவு ஐந்து, வேகம் ஐந்து, பலம் பத்து. பெரிய வாளைத் தூக்கப் பலம் பன்னிரண்டு வேண்டும்.

இரண்டு குறைந்தது.

குறைக்கான கட்டத்தில் நிதானமாக எழுதினாள். 'இடது காது கேட்காது.'

"சூப்பர்க்கா" என்றாள் எட்டிப் பார்த்த ஹேமலதா. "ஆட்டத்துல அது எங்க வரப்போவுது? சும்மாவே ரெண்டு பாயிண்ட்."

தாள் ஹரிகிருஷ்ணன் கைக்குப் போயிற்று. ஒரு வரியைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. பிரேம்குமார் ஒரு முழு பஜ்ஜியைத் தின்று முடித்தான்.

கேட்டுத்தான் ஆக வேண்டும். அவன் போட்ட விதி.

"எப்படி ஆச்சு?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்டான்.

"படியில வழுக்கி விழுந்துட்டா" என்றாள் துர்கா.

பிரேம்குமார் பாயில் ஓங்கித் தட்டினான். செல்லாது, செல்லாது என்று அவனும் ஹேமலதாவும் ஒரே கூச்சல். இப்போதுதானே அண்ணன் தீர்ப்புச் சொன்னார், அண்ணிக்கு அதுகூடத் தெரியவில்லை என்று ஒரே சிரிப்பு.

துர்கா கணவனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. தை மாதம், காது டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு ஹரிகிருஷ்ணன் சொன்னது. டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். இந்த வீட்டில் ஏது படி? வாசலில் ஒரே ஒரு கல் கிடக்கிறது.

செல்லாது என்று அவன் சொல்லட்டும். விளையாட்டுக்காவது சொல்லட்டும். அவள் மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கவில்லை. நாலு பேர் நடுவில் அவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் போதும். ஆறு மாதமாக நெஞ்சில் கிடப்பது கொஞ்சம் இறங்கும்.

ஹரிகிருஷ்ணன் பென்சிலை எடுத்தான்.

"செல்லும்" என்றான்.

பத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதித் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொண்டாட்டின்னா தனிச் சட்டம்!" என்று ஹேமலதா கைதட்டினாள். "நீங்க குடுத்து வச்சவங்கக்கா."

பிரேம்குமாரும் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று துர்காவுக்குத் தெரியவில்லை. அவன் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடப்பக்கம்.