முதல் கணவர் மாட்டிய பிளக்

பரண்மேல் கிடந்த இரும்பு மேசைவிளக்கை அவள் யாரையும் தொட விடுவதில்லை. அவளுடைய முதல் கணவர் தன் கையால் பிளக் மாட்டியது.

"செத்தவன் மேல இன்னும் அவ்வளவு பாசமா?" என்று கேட்டுக் கேட்டு இரண்டாம் கணவருக்கு அலுத்துவிட்டது.

அவள் குளிக்கப் போன நேரத்தில் விளக்கை இறக்கி, பிளக்கைப் பிரித்தார். செத்தவன் வேலையில் ஒரு குறையாவது வேண்டும் அவருக்கு. கிடைத்தது.

"வந்து பாரு, உன் மேதாவி பண்ணின வேலையை!" வாயெல்லாம் பல். "எர்த்துக்குப் போக வேண்டிய பச்சை ஒயரைக் கரண்ட் வர்ற பின்ல மாட்டியிருக்கான். சுவிட்சைப் போட்டா விளக்கு முழுக்க ஷாக்!"

"தெரியும்." ஈரத் தலையோடு நின்றாள். "அவர் உசிரு போனதே அதுலதான்."

"அப்புறம் எதுக்கு இதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்க?"

"குப்பையில போட்டா யாராவது எடுத்து மாட்டிடுவாங்களேன்னு பயம். வீட்டுல வச்சா, நீங்க மாட்டிடுவீங்களேன்னு பயம்."