ரூஃபஸின் மூக்கு

"சிரிக்காதேடா ரூஃபஸ். கொஞ்சம் கம்பீரமா உட்காரு."

கார்ட்டூனிஸ்ட் வெண்டல் பேனாவை மையில் தோய்த்தபடி அதட்டினார். எதிரே சாய்வு நாற்காலியில், சின்சினாட்டி நாளிதழ் ஒன்றில் அவரோடு சேர்ந்து குப்பை கொட்டிய பேஸ்பால் எழுத்தாளர் ரூஃபஸ். மாரடைப்பு வந்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார்.

"நம்ம பத்திரிகையோட பொன்விழா மலருக்குன்னுதானே சொன்னே? சிரிச்சா என்ன குத்தம்?"

வெண்டல் இருமினார். பொன்விழாவாவது மண்ணாவது! ரூஃபஸ் எந்த நேரமும் போய்விடலாம், இரங்கல் செய்திக்குப் படம் தயாராக இருக்கட்டும் என்று ஆசிரியர்தான் அனுப்பியிருந்தார். பிரபலமானவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே எல்லாம் தயார்செய்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். வழக்கமான வேலைதான். ஆனாலும் சிநேகிதனையே உட்காரவைத்து, பொய் சொல்லி வரைவது வெண்டலுக்கு உறுத்தியது.

"ஆமா, நீ பொறந்தது ஒஹையோவா, கென்டக்கியா?" என்றார் ரூஃபஸ்.

"கென்டக்கி. எதுக்குடா கேக்குறே?"

"பேசாம உட்கார்ந்தா தூக்கம் வருதுப்பா. உன் முதல் கார்ட்டூன் எந்த வருஷம் வந்துச்சு?"

கேட்டதற்கெல்லாம் வெண்டல் பதில் சொன்னார். இந்த நிலைமையிலும் நம்மைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறானே, இவனுக்கா துரோகம் செய்கிறோம் என்று கூசிப்போனார்.

ரூஃபஸின் மனைவி எட்னா சூடாக ஆப்பிள் பை பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். "நல்லாச் சாப்பிடுங்க வெண்டல். ரொம்ப இளைச்சுட்டீங்க."

அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஒருவழியாகப் படம் முடிந்தது. வாங்கிப் பார்த்த ரூஃபஸ் திடுக்கிட்டார்.

"என் மூக்கு எங்கடா? அதைப் பூசணிக்கா மாதிரி வரைஞ்சுதானே ஊரையே சிரிக்க வைப்பே? இதுல கால்வாசிகூட இல்லையே! திடீர்னு என் மேல என்ன இவ்வளவு மரியாதை?"

அதற்குமேல் வெண்டலால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுடா. பொன்விழாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது உன்னோட இரங்கல் செய்திக்கு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரலை."

ரூஃபஸ் கோபப்படவில்லை. படத்தை மடியில் வைத்தார். பிறகு வெண்டலின் மை படிந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் வாய் வரலைடா. உன்னோடதை எழுதித் தரச் சொல்லியிருக்காங்க... நாளைக்கே வேணுமாம்."