இன்னொரு ஹார்ட் டிஸ்க்

"டார்ச்சை உள்ள காட்டுடி, உன் மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்?" என்று மேஜைக்கடியிலிருந்து அதட்டுகிறார் கணவர். திறந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, கடைசித் திருகை முடுக்குகிறார். கல்யாணமான புதிதில் இருவரும் கேசட் கேசட்டாகச் சேர்த்த பாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது. வேறு நகல் கிடையாது. அவள் மறுபடியும் வெளிச்சத்தைத் தன் முகத்துக்கே திருப்புகிறாள். "ஓடலேன்னா என்னங்க பண்றது?" "வாயைக் கழுவு!" பவர் பொத்தானை அழுத்தி, டிஸ்க்கின் மேல் விரல்களை வைத்துக் கண்ணை மூடுகிறார். மெல்லிய அதிர்வு, சுழல்கிறது. திரையில் பழைய பாட்டுகளின் பெயர்கள் வரிசை கட்டுகின்றன. வெளியே வந்து ஒன்றைத் தட்டிவிட்டு, "பாடுதா?" என்கிறார். அவள் காலால் தாளம் போடுகிறாள், கூடவே பாடுகிறாள். அவள் உதடுகளைப் பார்த்தே எந்தப் பாட்டென்று கண்டுபிடித்துச் சிரிக்கிறார். காய்ச்சலில் காது போன பிறகு அவர் கேட்கும் முதல் பாட்டு அது.