முப்பத்தொண்ணு

"ஒனக்குக் காய்ச்சல் மக்கா. நாளைக்குக் கணக்குப் பரீட்சைக்கு வர வேண்டாம். வீட்ல படுத்து நல்லாத் தூங்கு."

ராம்சங்கர் சாரின் குரலில் பாசம் வழிந்தது. எதிரே நின்ற ஒன்பதாம் வகுப்புத் தேன்மொழிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளை, இங்கேயும் நின்றுகொண்டிருந்தது.

காய்ச்சலே சாருக்குத்தான். சங்கரன்கோவிலில் அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமல்ல. அரையாண்டுத் தேர்வில் வகுப்புச் சராசரி அறுபதுக்குக் கீழே போனால், வாத்தியாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன வருஷம் இரண்டு பேர் அப்படித்தான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பத்தெட்டு வயதில் இனி எவன் வேலை தருவான் என்கிற பயம் சாரைத் தூங்கவிடவில்லை.

வகுப்பில் முப்பது பிள்ளைகள். மற்ற இருபத்தொன்பதையும் அடித்துப் பிடித்துத் தேற்றிவிடலாம், சராசரியைக் காலைப் பிடித்து இழுப்பது இவள் ஒருத்திதான் என்று சார் முடிவு கட்டியிருந்தார். எந்தத் தேர்வு வைத்தாலும் தேன்மொழி சொல்லிவைத்தாற்போல முப்பத்தொன்று வாங்குவாள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதனால் சார் அவள் பேரை விட்டுவிட்டு, "ஏட்டி முப்பத்தொண்ணு" என்றே கூப்பிடுவார். வகுப்பு மொத்தமும் சிரிக்கும்.

படிப்பு ஏறாத பிள்ளை நடக்கவாவது செய்யட்டும் என்று, தலைமையாசிரியை பிரம்மநாயகியின் சர்க்குலர் நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோகும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார். மற்ற ஆசிரியர்கள் நோட்டை வாங்கி, பிள்ளைகளுக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ராம்சங்கர் சாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கிறுக்குக் கிறுக்கி அனுப்பிவிடுவார். போன வாரமும் அப்படித்தான் அனுப்பினார்.

"சராசரிக் கணக்கு இப்ப எனக்கு வருது சார்" என்றாள் தேன்மொழி மெதுவாக. "நான் எழுதுதேன்."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வகுப்புச் சராசரியைக் கெடுக்கதே நீதான். ஒனக்குச் சராசரி வருதாக்கும்."

ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். கடுங்காய்ச்சல் காரணமாக என்று தொடங்கி, பணிவுள்ள மாணவி என்பது வரை அவரே வரிவரியாகச் சொல்ல, அவள் எழுதினாள். பாதியில் பேனா நின்றது.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மூடிட்டு எழுது."

அவள் வாயை மூடிக்கொண்டு எழுதி முடித்தாள்.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள், சார் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து, அலுவலகத்துக்குக் கொடுத்த மார்க் பட்டியலின் நகலை ரசித்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது பேரின் கூட்டுத்தொகை 1774. இருபத்தொன்பதால் வகுத்தால் 61.17. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அந்நேரம் பார்த்து சர்க்குலர் நோட்டோடு தேன்மொழி உள்ளே வந்தாள்.

"வாட்டி முப்பத்தொண்ணு. காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டுக்கொண்டே சார் நோட்டை இழுத்து, வழக்கம்போல் கிறுக்கித் தள்ளிவிட்டார். அவள் அதை எடுக்கவில்லை.

"இன்னும் என்ன நிக்கே?"

அவள் பார்வை போன இடத்தைச் சாரும் பார்த்தார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் கிறுக்கியது கடைசி. மேலே பிரம்மநாயகியின் உருண்டைக் கையெழுத்தில், 'ஒன்பது பி, கணக்கு. மொத்தம் 1774. மாணவர்கள் 30. சராசரி 59.13. ஆசிரியர் ராம்சங்கர் இந்த மாதத்தோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று எழுதியிருந்தது.

சார் அதை இரண்டு தரம் வாசித்தார். பரீட்சைக்கே வராதவளை எதற்குச் சேர்த்து வகுத்தார்கள் என்று முனகினார். தேன்மொழி நோட்டில் சில பக்கங்களைப் பின்னால் புரட்டிக் காட்டினாள். 'இந்த அரையாண்டுத் தேர்விலிருந்து, வராத பிள்ளைக்குச் சைபர் போட்டே வகுப்புச் சராசரி எடுக்கப்படும்.' அதன் கீழேயும் அவருடைய கிறுக்கல் இருந்தது.

"ஒனக்கு இது அன்னைக்கே தெரியுமாட்டி?"

"எல்லாக் கிளாஸ்லயும் வாசிச்சாவ சார். நாந்தான கொண்டுபோனேன். சொல்ல வந்தேன், வாயை மூடச் சொன்னிய."

அப்போதும் சாருக்கு வீம்பு போகவில்லை. "நீ வந்து எழுதியிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருப்ப?" என்றார்.

தேன்மொழி மேஜையிலிருந்த 1774ஐப் பார்த்தாள். உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினாள், வகுத்தாள். சரியாக வந்ததும் நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அறுவது வர இருவத்தாறு போதும் சார். நாந்தான் முப்பத்தொண்ணுல்லா."