மில்லைப் பார்க்க வந்தவர்
அக்காவும் தங்கையும் புதிதாகத் தொடங்கிய மிளகாய் மில்லைப் பார்க்க மானிய அதிகாரி வந்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரத்துக்கு அரசு உதவி கிடைக்கும். வருகிறவர் மெச்சட்டுமே என்று இருவரும் விடிந்ததிலிருந்து தேய்த்துக் கழுவியதில் மில் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஜன்னல் வெயிலில் ஒரு தூசிகூடப் பறக்கவில்லை. அதிகாரி இயந்திரத்தைத் தடவிவிட்டு விரலைப் பார்க்கிறார். "இங்க வேலை நடக்குதா, இல்ல எனக்குக் காட்டத்தான் வாங்கி வெச்சீங்களா?" அக்காவின் முகம் தொங்கிப்போகிறது. தங்கை காய்ந்த மிளகாயை அள்ளி இயந்திரத்தில் கொட்டி, சுவிட்சைத் தட்டுகிறாள். தரை அதிர்கிறது. ஜன்னல் வெயில் செக்கச்செவேலென்று ஆகிறது. அதிகாரி தும்முகிறார், மறுபடி தும்முகிறார், கண்ணீர் வழிய மேசையைத் தடவுகிறார். "நிறுத்தும்மா, நம்பிட்டேன்! கண்ணே தெரியல, எங்க கையெழுத்துப் போடணும்?"